திரும்பி வராதவரின் வீடு

இறந்தவர் வாழ்ந்த இல்லத்தைப் பூட்டி வைத்துப் போற்றும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. எழுதுகோல், மூக்குக் கண்ணாடி, கட்டில், மேலங்கி என அவர் கைபட்ட பொருள்களெல்லாம் கண்ணாடிப் பேழைக்குள் இடம் பெறுகின்றன. காண வருவோர் குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே நடக்கின்றனர். கோயிலுக்குள் நுழைபவரின் அடக்கம் அவர்கள் நடையில் தென்படுகிறது. இவ்வழக்கத்தை எவரும் குறை கூறுவதில்லை. குறை கூறுவது நன்றி மறந்த செயலாகக் கருதப்படும். ஆயினும் கேட்டே ஆகவேண்டிய ஒரு வினா இங்கு உண்டு. இந்த வீடு யாருக்காகக் காக்கப்படுகிறது? இறந்தவர் அதை வேண்டவில்லை. வேண்டும் நிலையிலும் அவர் இல்லை. எனவே அது வாழ்வோர்க்காகவே காக்கப்படுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறாயின், மறைந்த எழுத்தாளனுக்குச் சமுதாயம் பட்ட கடன் இதனால் தீர்கிறதா, அல்லது தீர்ந்துவிட்டது போன்ற நிறைவை மட்டும் அது தருகிறதா?

இவ்வினாவைப் பொதுவாக ஆராய்வதினும் ஒரு வீட்டின் வாயிலில் நின்று ஆராய்வது நலம். பல்கேரிய நாட்டின் கொப்ரிவ்ஷ்டிட்சா என்னும் சிற்றூரில் உள்ள, கவிஞர் டிம்சோ டெபெல்யானோவின் நினைவு இல்லம் அதற்கு மிகவும் ஏற்றது.

ஊரும் வீடும்

தலைநகர் சோபியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரெட்னா கோரா மலைத் தொடரின் நடுவே இவ்வூர் அமைந்துள்ளது. ஊரின் ஊடே தோபொல்னிட்சா என்னும் சிற்றாறு ஓடுகிறது. கல் பாவிய குறுகிய தெருக்கள், உயர்ந்த மதில்கள், கனத்த மரக் கதவுகள், அவற்றுக்கு அப்பால் முற்றமும் வீடும் என்பது இவ்வூரின் தோற்றம். ஒட்டோமானியப் பேரரசின் ஆட்சியை எதிர்த்து 1876ஆம் ஆண்டு வெடித்த ஏப்ரல் எழுச்சி இங்குத்தான் தொடங்கியது. அவ்வெழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான தோடோர் காப்லெஷ்கோவின் வீடும், எழுத்தாளர் லியூபென் கரவெலோவின் வீடும் இங்கு அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன. ஊரே ஒரு நினைவகம் என்று கூறினும் மிகையாகாது.

இவற்றுக்கிடையே டெபெல்யானோவின் இல்லம் எளிமையானது. செல்வ வணிகர்களின் மாளிகைகளில் உள்ள ஓவியம் தீட்டிய சுவர்களையும் செதுக்கிய விதானங்களையும் அங்கு எதிர்பார்ப்பவர் ஏமாற்றம் அடைவர். தையல் தொழிலால் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வீடு அது. 1887ஆம் ஆண்டு அங்குக் கவிஞர் பிறந்தார். 1896இல் தந்தை மறைந்தார். வருவாய் அற்ற குடும்பம் பிழைப்பை நாடிப் பிளோவ்டிவ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது சிறுவனுக்கு வயது 9. பிளோவ்டிவில் கழிந்த இளமையின் துயரத்தை அவர் பின்னர்க் கவிதையாகவே எழுதினார். அதன்பின் சோபியாவில் கல்வியும், சிறு எழுத்தர் பணியும், மொழிபெயர்ப்பும், இதழ்களுக்கு எழுதுதலுமாக அவர் வாழ்வு நடந்தது. போதிய ஊதியமோ நிலைத்த இருப்பிடமோ வாய்க்கவில்லை. 1916ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், முதல் உலகப் போரில், இன்றைய கிரேக்க நாட்டின் வடபகுதியில், பிரிட்டிஷ் படையோடு நடந்த சண்டையில் அவர் வீழ்ந்தார். வயது 29.

வீடு சொல்லும் பொய்

முதல் தடை இங்கேயே எழுகிறது. இந்த வீட்டில் அவர் ஒரு கவிதையும் எழுதவில்லை. 9 வயதில் அதைவிட்டு நீங்கியவர் அவர். அவ்வாறிருக்க, இதைக் கவிஞரின் இல்லம் என்று காட்டுவது எந்த அளவுக்கு உண்மை?

பல்கேரியர் தம் தேசியக் கவிஞராகப் போற்றும் இவான் வாசோவின் இல்லம் சோபியாவில் உள்ளது. 1921இல் அவர் மறைந்தபின், 1926இல் அது அருங்காட்சியகமாயிற்று. அவர் உண்மையில் வாழ்ந்து எழுதிய அறை அங்குப் பாதுகாக்கப்படுகிறது. அவர் வளர்த்த நாயின் உடல்கூடப் பதப்படுத்தி வைக்கப்பட்டுள்ளது. அங்கு வருவோர் அவர் எழுதிய மேசையையும் அவர் அன்பு செலுத்திய உயிரின் உருவத்தையும் காணலாம். ஆனால் அதே வாசோவ் பிறந்த சோப்போட் ஊர் வீடு 1877ஆம் ஆண்டுப் போரில் எரிந்தது. இன்று அங்கு நிற்பது பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டதாகும். முன்னதில் பொருள் உண்மையானது. பின்னதில் இடம் மட்டுமே உண்மையானது. எனினும் இரண்டிலும் மக்கள் ஒரே பணிவோடு நிற்கின்றனர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. மரமும் சுண்ணாம்பும் பழமையானவையா என்பதைப் பொறுத்து நினைவு இல்லத்தின் பயன் அமைவதில்லை. பழைய பொருளே பொய் உரைக்கக்கூடும். புதிதாகக் கட்டிய சுவரும் மெய் உரைக்கக்கூடும். "இங்கேதான் அவர் இருந்தார்; எல்லாம் அப்படியே இருக்கிறது" என்று ஓர் இல்லம் கூறுமானால், அதன் ஒவ்வொரு பொருளும் உண்மையானதாய் இருப்பினும் அக்கூற்று பொய்யாகும். எதுவும் அப்படியே இல்லை. இருந்தவர் இல்லை என்பதே முதன்மையான செய்தி. அதை மறைக்கும் வீடு எவ்வளவு அழகாய் இருந்தாலும் ஏமாற்றுகிறது. அதை உணர்த்தும் வீடு எவ்வளவு வெறுமையாய் இருந்தாலும் கற்பிக்கிறது.

டெபெல்யானோவின் வாழ்க்கை இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்குகிறது. அவருடைய கவிதைகளுள் பல்கேரியர் பலரும் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிந்த ஒன்று, தந்தையின் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றியது. மாலை அடங்கும் நேரத்தில் முற்றத்தைக் கடந்து செல்வதும், வாயிற்படியில் முதிய தாயைச் சந்திப்பதும், பழகிய அறைக்குள் நுழைவதும் அதில் வருகின்றன. அது 'நான்' என்று தொடங்காமல் முன்னிலையில் அமைந்திருப்பதால், படிப்பவர் எவராயினும் அவரே திரும்புகிறவர் ஆகிவிடுகிறார். ஆனால் கவிதை முடியும்போது அத்திரும்புதல் நிகழவில்லை என்பது தெரியவருகிறது. அது ஓர் அலைந்து திரிபவனின் வீண் நினைவு. கதவு திறக்கப்பட்டது மனத்தில் மட்டுமே.

அக்கவிதையைப் படித்தவர்கள்தாம் இன்று கொப்ரிவ்ஷ்டிட்சாவுக்கு வருகின்றனர். அதே முற்றத்தையும் வாயிற்படியையும் அறையையும் தேடுகின்றனர். கவிஞருக்குத் திறவாத கதவு நுழைவுச் சீட்டு வாங்கியவர்க்குத் திறக்கிறது. இதில் உள்ள முரணை உணராமல், "கவிதையில் வரும் வீட்டைக் கண்டேன்" என்று மகிழ்ந்து திரும்புபவர் கவிதையின் முன்பாதியை மட்டுமே படித்தவர் ஆவார்.

இறந்தபின் எளிதாகும் அன்பு

இரண்டாவது தடை இதனினும் கடுமையானது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர். எழுத்தாளன் உயிரோடு இருக்கும்போது அவன் ஒரு தொல்லை. அவனுக்கு ஊதியம் வேண்டும், அறை வேண்டும், நூலை அச்சிட ஒருவர் வேண்டும். அவன் எதிர்த்துப் பேசுவான். சமுதாயம் விரும்பாததையும் எழுதுவான். இறந்தபின் இவை யாவும் ஒழிகின்றன. அவன் எதையும் கேட்பதில்லை. ஆகவே அவனைப் போற்றுவது எளிதாகிறது. செலவு மிகுந்த கல்லறையும் செலவு மிகுந்த அருங்காட்சியகமும், உயிரோடிருந்தபோது கொடுக்காத சிறு தொகையின் வட்டியோ என்று ஐயுற இடமிருக்கிறது.

டெபெல்யானோவின் வாழ்நாளில் அவருடைய கவிதைகள் தனி நூலாக வெளிவரவில்லை. அவை இதழ்களில் சிதறிக் கிடந்தன. பிறருடைய கவிதைகளைத் தொகுத்து, 1910ஆம் ஆண்டில் நண்பர் டிமிதர் பொட்வர்சாச்சோவுடன் இணைந்து ஒரு பல்கேரியக் கவிதைத் திரட்டை வெளியிட்டவர், தம் கவிதைகளைத் தொகுத்துப் பார்க்காமலே மறைந்தார். அவர் இறந்து 4 ஆண்டுகள் கழித்து, 1920இல், அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் அவருடைய நண்பர்களான எழுத்தாளர்கள். வீடு அருங்காட்சியகமானது 1958ஆம் ஆண்டில்.

இந்த வரிசையை எண்ணிப் பார்த்தல் தகும். முதலில் நண்பர்கள் நூலைத் தந்தனர். அதன் பின்னரே நாடு வீட்டைத் தந்தது. நூல் இல்லாதிருந்தால் வீடும் இராது. மலையூர் ஒன்றின் பழைய தையற்காரர் வீட்டை யார் காத்திருப்பர்? இதழ்களின் பழைய பக்கங்களைத் தேடி, கையெழுத்துப் படிகளைத் திரட்டி, அச்சகத்துக்குக் கொண்டு சென்றவர்கள் செய்ததே முதற்கடன் தீர்த்தல். வீடு காப்பது இரண்டாம் கடன். முதற்கடனை மறந்து இரண்டாவதை மட்டும் செய்யும் சமுதாயத்தில் வீடுகள் பெருகும், நூல்கள் படிப்பாரற்றுக் கிடக்கும். எழுத்தாளனின் நாற்காலியைத் தொட்டுப் பார்க்க விரும்புவோர் நூறு பேர் எனில், அவன் எழுதிய பக்கத்தைத் திறப்போர் எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். நாற்காலி யாருக்கும் கடினமானதன்று. பக்கம் சிலவேளை கடினமானது.

எனினும் இந்தத் தடையை முழு உண்மை என்று கொள்ளுதலும் நேர்மையாகாது. கவிஞர் வறுமையில் வாடியபோது வாழ்ந்தவர்கள் வேறு. 1958இல் வீட்டைத் திறந்தவர்கள் வேறு. இன்று அங்குத் தூசு துடைப்பவர்கள் வேறு. முன்னோர் செய்த புறக்கணிப்புக்காகப் பின்னோரின் அன்பைப் பொய் என்று தள்ளுதல் முறையன்று. தாத்தா கொடுக்காத கடனைப் பேரன் கொடுக்க முன்வரும்போது, "இவ்வளவு நாள் எங்கே போனாய்?" என்று கேட்பது அறமாகாது. ஆனால் பேரனுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தன் காலத்தில் தன் தெருவில் வாழும் எழுத்தாளனை அவன் எவ்வாறு நடத்துகிறான் என்பதே அவன் அன்பின் உரைகல்.

பார்வையின் அறம்

மூன்றாவதாக, காணும் விருப்பத்தைப் பற்றியும் கூறவேண்டும். சோபியாவின் ரகோவ்ஸ்கி தெருவில் கவிஞர் பேயோ யாவொரோவின் நினைவு இல்லம் உள்ளது. 1913ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அவர் மனைவி லோரா அங்குத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கொப்ரிவ்ஷ்டிட்சாவின் கரவெலோவ் குடும்பத்தில் பிறந்தவர். எழுத்தாளர் லியூபென் கரவெலோவின் தம்பி மகள். யாவொரோவும் சாக முயன்று பார்வையை இழந்தார். மனைவியின் சாவுக்கு அவரே காரணம் என்ற ஊர்ப்பழி அவரை விடாது தொடர்ந்தது. மறு ஆண்டு அக்டோபரில் அவரும் தம் முடிவைத் தேடிக்கொண்டார்.

அந்த அறைகளுக்குள் இன்று யாரும் நுழையலாம். நுழைபவர் எதைக் காணச் செல்கிறார்? கவிதையின் ஊற்றையா, அல்லது அடுத்தவர் வீட்டுத் துயரத்தையா? 1913இல் தெருவில் நின்று புறம் பேசியவர்களின் பார்வைக்கும் இன்று அறைக்குள் நின்று வியப்பவரின் பார்வைக்கும் வேறுபாடு இருந்தாக வேண்டும். அவ்வேறுபாடு பணிவில் இருக்கிறது. பழி கூறியவர்கள் எல்லாம் தெரிந்தவர்களாகத் தம்மைக் கருதினர். மற்றொரு மனிதனின் துயரத்தில் தனக்குத் தெரியாதது மிகுதி என்று அறிந்து நிற்பதே மரியாதையின் தொடக்கம். இறந்தவர் தம் கதவைத் தாமே சாத்திக்கொள்ள இயலாதவர். ஆகவே எங்கே நிற்பது என்பதைக் காண வருபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

காத்திருக்கும் தாய்

இத்தனை தடைகளுக்குப் பின்னும் நினைவு இல்லம் வேண்டியதுதானா? வேண்டியதே என்று கூறுவதற்குக் கொப்ரிவ்ஷ்டிட்சாவில் ஒரு சான்று இருக்கிறது. அது வீட்டினுள் அன்று, கல்லறையில் உள்ளது.

போரில் வீழ்ந்த டெபெல்யானோவ் முதலில், இன்று கிரேக்கத்தின் சிடிரோகாஸ்ட்ரோ என வழங்கும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். 15 ஆண்டுகள் கழிந்து, 1931இல், அவருடைய எலும்புகள் சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டன. தந்தை வீட்டுக்குத் திரும்புவதைப் பாடியவர் அவ்வாறுதான் திரும்பினார். சிற்பி இவான் லசரோவ் அக்கல்லறைக்கு ஒரு சிலை செய்தார். போர் வீரனின் உருவத்தையோ, வாளையோ, கொடியையோ அவர் அங்கு வைக்கவில்லை. கவிஞரின் முகத்தைக்கூட அவர் செதுக்கவில்லை. மகனுக்காகக் காத்து அமர்ந்திருக்கும் நாட்டுப்புறத் தாய் ஒருத்தியை அமைத்தார்.

இச்சிலை உண்மையைக் கூறுகிறது. வந்துவிட்டான் என்று அது கூறவில்லை. மகன் அருகிலேயே மண்ணுள் இருக்கிறான்; தாயோ இன்னும் காத்திருக்கிறாள். நினைவு என்பதன் இயல்பு இதுவே. இறந்தவரை அது மீட்டுத் தருவதில்லை. அவர் இடம் வெறுமையாக இருப்பதை, அவ்வெறுமை மற்றொன்றால் நிரப்பப்படாமல், காத்து நிற்கிறது. இச்சிலையைக் கண்டபின் வீட்டுக்குச் செல்பவர், அறைகளில் உள்ள பொருள்களை வேறு கண்ணோடு பார்ப்பார். அவர் இருந்ததற்குச் சான்று என்பதைவிட, அவர் வராமற்போனதற்குச் சான்று என்றே அவற்றைக் கொள்வார். அப்போது அவ்வீடு பொய் உரைப்பதை நிறுத்துகிறது.

ஆனால் இவ்வறம் இங்கேயே நின்றுவிடுமானால் அது பாதி அறமே. டெபெல்யானோவ் போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட அப்பாவி அல்லர். 1912 முதல் 1914 வரை படையில் பணியாற்றி விடுவிக்கப்பட்டிருந்த அவர், 1916இல் தாமாகவே முன்வந்து போர்முனைக்குச் சென்றார். படை அதிகாரியாக நின்றார். போர்முனைக்குச் செல்பவன் சாவதற்கு மட்டும் செல்வதில்லை, கொல்வதற்கும் செல்கிறான். அவரைத் தம் மகன் என்று கண்ணீர் விடுவோர் இந்த உண்மையை ஒதுக்கிவிடுதல் தகாது. அவரே அதை ஒதுக்கவில்லை. போர்முனையில் அவர் எழுதிய கவிதைகளுள் ஒன்று, கொல்லப்பட்டுக் கிடக்கும் பகைவன் ஒருவனைப் பற்றியது. இறந்தவனுக்குப் பகைவன் என்னும் பெயர் இனிப் பொருந்தாது என்பதை அது உணர்த்துகிறது. அவன்மேல் எழும் இரக்கம் அக்கொடிய காலத்தில் எவ்வளவு முரணானது என்பதையும் அக்கவிதையே எண்ணிப் பார்க்கிறது. எளிய ஆறுதல் எதையும் அது தரவில்லை. ஆயினும் பகைவனின் முகத்தை அது பார்த்தது. துப்பாக்கி ஏந்தி எதிரே நின்ற ஒருவர் அவ்வாறு பார்த்தது எளிதன்று.

இந்தக் கவிதையை அறிந்தவருக்குக் கல்லறையில் அமர்ந்த தாயின் பொருள் விரிகிறது. அவள் பல்கேரியத் தாய் மட்டுமல்லள். அந்த அக்டோபரில் எதிர்ப்பக்கத்தில் வீழ்ந்த பிரிட்டிஷ் வீரர்களின் தாய்மாரும் கடலுக்கு அப்பால் அவ்வாறே அமர்ந்திருந்தனர். அவர்களுடைய மக்கள் கவிஞர்களாக இல்லாதிருந்திருக்கலாம். அவர்களுடைய வீடுகள் அருங்காட்சியகங்கள் ஆகவில்லை. அவர்கள் வாயிற்படியை யாரும் காக்கவில்லை. எனினும் காத்திருத்தல் ஒன்றே.

இங்குத்தான் நினைவு இல்லத்தின் உண்மையான சோதனை இருக்கிறது. தன் நாட்டுக் கவிஞனின் வீட்டிலிருந்து ஒருவன் தன்னவர்மேல் மட்டும் அன்பு மிகுந்து வெளியேறினால், அவ்வீடு அவனுக்கு ஒரு கொடிக்கம்பம் ஆகிவிட்டது. எதிரே நின்றவனுக்கும் ஒரு முற்றமும் ஒரு தாயும் இருந்தனர் என்ற எண்ணத்தோடு வெளியேறினால், அக்கவிஞன் எழுதியதை அவன் படித்தவன் ஆகிறான். நாடுகள் நினைவு இல்லங்களைப் பெரும்பாலும் முதல் நோக்கத்துக்காகவே அமைக்கின்றன. நல்ல எழுத்தாளனின் வீடோ, அமைத்தவர் நோக்கத்தையும் மீறி, இரண்டாவது பயனைத் தந்துவிடுகிறது. அதற்குக் காரணம் வீடன்று. அதற்குள் வருபவர் தம்மோடு கொண்டுவரும் சொற்கள்.

எனவே கடன் தீர்கிறதா என்ற வினாவுக்கு விடை இதுதான். இறந்தவர்க்குப் பட்ட கடனை அவரிடமே திருப்பித் தர வழியில்லை. அதை மற்றவரிடமே செலுத்த வேண்டும். படிக்கப்படாத பக்கத்தைத் திறந்து படிப்பது அக்கடனில் ஒரு பகுதி. வறுமையில் எழுதிக்கொண்டிருக்கும் உயிருள்ள ஒருவனின் நூலை விலை கொடுத்து வாங்குவது மற்றொரு பகுதி. பகைவன் என்று சுட்டப்படுபவனின் வீட்டையும் மனத்தால் ஒருமுறை சென்று காண்பது எல்லாவற்றிலும் கடினமான பகுதி. அருங்காட்சியகத்தின் கதவு இவற்றுள் எதையும் செய்து முடிப்பதில்லை. ஆனால் செய்யவேண்டியதை நினைவூட்டும் இடமாக அது இருக்க முடியும். அந்த அளவுக்கு, கூரை ஒழுகாமலும் படிகள் சிதையாமலும் அதைக் காத்து வருபவர்களின் உழைப்பு வீணன்று.